செவ்வாய் வீடும் வெள்ளி வீடும்

கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் படுத்தெழும்பிய வீட்டைவிட்டுக் காலையில் கிளம்பியவன், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு மூட்டை. அதற்குள் ஒரு சாரம், ஒரு சட்டை, ஒரு கறுப்புக் கம்பளி. கம்பளி எனக்கும் என் கூட்டாளிக்கும் பொது. மலைத் தோட்டத்தில் கொடுத்தது. அவன் கொண்டு வந்தான். அதைத் தூக்கிக்கொண்டு வந்தது எவ்வளவு பெரிய பிழை என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெள்ளவத்தைக்குப் போவதாகத்தான் கிளம்பினேன். ஆனால் காலி வீதி வெள்ளவத்தையோடு முடிவதில்லை. கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் அது பாட்டுக்குத் தெற்கே போய்க்கொண்டிருக்கும். அதற்கு முன்பும் பல இடங்களை விட்டு நான் இப்படித்தான் நடந்திருக்கிறேன். நாலாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டேன். கம்பளையில் ஒரு பேக்கரியை அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே விட்டேன். யாரிடமும் சொல்லிக்கொண்டு போன வழக்கம் இல்லை.

அன்றைக்கு மட்டும் கால் தயங்கியது. என் கூட்டாளி ஐந்து நாட்களாக ஊருக்கு வெளியே காய்ச்சல் ஆஸ்பத்திரியில் பெயர் இல்லாமல் கிடந்தான். அவன் யாரென்று சொல்லக்கூடியவர்கள் இருபது பேர் இருந்தோம். ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் நாட்டாமைகள். துறைமுகத்திலிருந்து வருகிற அரிசி மூட்டைகளை முதுகில் ஏற்றிக் கிட்டங்கிகளுக்குள் அடுக்குவது எங்கள் வேலை. கிட்டங்கிக்கு மேலே, ஓட்டுக் கூரைக்கு அடியில், பலகைத் தளத்தில் வரிசையாகப் படுப்போம். கீழே அரிசி, மேலே நாங்கள், இரண்டுக்கும் நடுவில் எலிகள். எலிகளோடு எங்களுக்குப் பகை கிடையாது. பலகைக்கு அடியில் ஓடும் சத்தம் இல்லாவிட்டால் சிலருக்குத் தூக்கம் வராது.

வாரத்துக்கு ஒரு முறை நகரசபையின் சுகாதார இன்ஸ்பெக்டர் வருவார். எங்கள் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை. எங்களை நிறுத்தி, கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார், நெற்றியைத் தொடுவார், கையைத் தூக்கச் சொல்லி அக்குளை அழுத்துவார். கையிலிருந்த நீளமான புத்தகத்தில் வீட்டு இலக்கத்துக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். காய்ச்சல்காரன் ஒருவன் அகப்பட்டால் அந்தக் கோடு வேறு மாதிரி விழும். அடைத்த மோட்டார் வண்டி வந்து அவனை ஏற்றிப் போகும். மற்ற எல்லோரும் பத்து நாள் முகாமில் இருக்க வேண்டும். வீட்டு ஓடுகளைக் கழற்றி உள்ளே வெயில் விழவிட்டு, மூலைமுடுக்கெல்லாம் மருந்து அடிப்பார்கள். திரும்பி வரும்போது கிட்டங்கி முதலாளி வேறு ஆட்களைப் பிடித்திருப்பார்.

எங்கள் தெருவின் எதிர்ப்பக்கம் வேறு வட்டாரம். அங்கே வேறு இன்ஸ்பெக்டர், வேறு புத்தகம், வேறு நாள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை. நேர் எதிரே ஒரு முடுக்குக்குள் இடியப்பம் அவித்து விற்கிற ஒரு பெண்ணும் நாலைந்து குடும்பங்களும் இருந்தார்கள். எங்கள் வீட்டைச் செவ்வாய் வீடு என்றும் அவர்களுடையதை வெள்ளி வீடு என்றும் சொல்வோம். திங்கள் பின்னேரம் எங்களுடைய காய்ச்சல்காரன் அங்கே போவான். வியாழன் பின்னேரம் அவர்களுடைய காய்ச்சல்காரன் இங்கே வருவான். இரண்டு பேர் இரு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டு, குடித்தவனைக் கூட்டிப்போகிற மாதிரி திட்டிக்கொண்டே தெருவைக் கடத்துவோம். அது நல்ல பகிடியாகக்கூட இருந்தது. காய்ச்சல்காரன் சில நாள் நிஜக் குடிகாரனைவிட நன்றாக ஆடுவான். பெரும்பாலும் மலேரியா, இரண்டு நாளில் எழும்பி வந்துவிடுவார்கள். அதனால் அந்த ஏற்பாட்டில் யாரும் ஒரு தப்பும் காணவில்லை.

என் கூட்டாளிக்குச் சனிக்கிழமை காய்ச்சல் கண்டது. ஞாயிறு அன்று தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. கால் நீட்ட முடியாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். எங்கள் தலைவர் வந்து பார்த்தார். எங்களைக் கூலிக்குச் சேர்த்துவிட்டவரும், வீட்டுக்குப் பொறுப்பானவரும் அவர்தான். மூட்டை தூக்குகிறவனுக்கு நெறி கட்டுவது வழக்கம், இரண்டு நாள் தூக்காமல் இருந்தால் இறங்கிவிடும் என்றார். நாங்களும் தலையாட்டினோம். எங்களில் நெறி கட்டாதவன் யார்? ஒவ்வொருவனும் தன் தொடையைத் தடவிக் காட்டி ஒரு கதை சொன்னான். வேறு தொழில்காரர்கள் அந்தக் கட்டியைக் கண்டிருந்தால் ஒருவேளை பயந்திருப்பார்கள். எங்களுக்கு அது வேலையோடு வருகிற சாமான்.

திங்கள் பின்னேரம் அவனைத் தெருவைக் கடத்தினோம். ஒரு பக்கம் பிடித்தவன் நான். அவன் ஆடவில்லை. “மெதுவா, மெதுவா” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எதிர்ப்பக்கத்து இன்ஸ்பெக்டர் வெள்ளி வீட்டுக்கு வந்தார்.

நான் அப்போது துறைமுகத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது எதிர்வீட்டுக் கூரையில் ஆட்கள் ஏறி ஓடுகளைக் கையளித்துக்கொண்டிருந்தார்கள். இடியப்பக்காரப் பெண்ணும் மற்றவர்களும் மூட்டைகளோடு தெருவோரம் குந்தியிருந்தார்கள். முகாமுக்குப் போக லாரி வர வேண்டும். என் கூட்டாளியை யாரென்று கேட்டதற்கு, வழிப்போக்கன், வாசலில் வந்து விழுந்தான், பெயர் தெரியாது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். ஏற்பாட்டில் அப்படித்தான் பேச்சு. அவர்கள் எங்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்தார்களே தவிர, கை நீட்டவில்லை. லாரி வந்ததும் ஏறிப் போனார்கள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். பெயரைச் சொன்னேன். அப்படி ஒருவரும் இல்லை என்றான் காவல்காரன். எந்த வீட்டு ஆள் என்று கேட்டான். எதிர்வீட்டு இலக்கத்தைச் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்காரர் எல்லோரும் முகாமில் இருக்க வேண்டும், நீ எப்படி வெளியே நிற்கிறாய் என்று கேட்டபடி உள்ளே யாரையோ கூப்பிட்டான். நான் ஓடிவந்துவிட்டேன்.

மலையில் அவனுக்கு மனைவி இருந்தாள். பிள்ளை பிறக்கிற மாதம். அவனுக்கு எழுத்துத் தெரியாது. அவன் சொல்லச் சொல்ல என்னுடைய நாலாம் வகுப்புத் தமிழில் நான்தான் கடிதம் எழுதுவேன். அவளுக்கு யாரோ வாசித்துக் காட்டுவார்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து இலக்கம் எல்லாம் எனக்குத்தான் பாடம். அவன் அங்கே பெயரில்லாமல் செத்தால், சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுவார்கள். அவள் கடிதம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

வியாழக்கிழமை எங்கள் படிக்கட்டில் இரண்டு எலி செத்துக் கிடந்தன. ஓடுகிற எலி அல்ல. பகல் வெளிச்சத்தில் நடுப்படியில் வந்து, வாயைத் திறந்தபடி. தலைவர் அவற்றை மட்டையால் ஒதுக்கி, ஆளில்லாத எதிர்வீட்டு முற்றத்துக்குள் எறிந்தார். வெள்ளிக்கிழமை ஐந்து; அன்று எங்கள் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் அவையும் அந்த முற்றத்துக்குள் போய்விட்டன. சனிக்கிழமை பலகைக்கு அடியில் ஓடும் சத்தமே நின்றுபோயிற்று. என் பக்கத்துப் பாய்க்காரன் அன்று வேலைக்கு எழும்பவில்லை. எங்களில் பகிடி பேசுகிறவன் அவன். நெறி என்றார் தலைவர். நான் ஆஸ்பத்திரியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“வாயத் தொறந்தேன்னா இருபது பேரு நடுத்தெருவுல நிப்பான். ஒனக்கென்ன, நீ நாளைக்கே எங்கயாவது போயிருவ” என்றார்.

அது உண்மைதான். ஞாயிறு காலையில் போய்விட்டேன்.

வெள்ளவத்தையில் சுகாதாரப் பகுதிக் கிளார்க்கர் ஒருவருடைய வீடு எனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு முறை எங்கள் கிட்டங்கியிலிருந்து அவருக்கு அரிசி போகும். இரண்டு முறை நான் தள்ளுவண்டியில் கொண்டுபோயிருக்கிறேன். கடல் பக்கம் போகிற ஒழுங்கையில், ரயில் பாதைக்குக் கிட்ட, சிறிய வீடு. யாழ்ப்பாணத்து மனிதர். நான் படலையைத் தட்டியபோது விறாந்தையில் வேட்டியோடு சாய்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“என்ன இண்டைக்கு? அரிசி முதலாந் திகதியல்லோ” என்றார்.

அரிசி இல்லை என்று சொல்லி, நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கட்டி என்ற சொல் வந்ததும் அவர் எழுந்து நின்றார். உள்ளே பிள்ளைகளின் குரல் கேட்டது. கதவைச் சாத்தச் சொன்னார்.

“படலைக்கு வெளியில நில். அதென்ன மூட்டை?”

“கம்பளிங்க ஐயா.”

“ஆற்ற?”

“ரெண்டு பேருதுங்க. அவனும் நானும் போத்துறது.”

அவர் இரண்டு அடி பின்னால் போனார். பிறகு மூட்டையோடு கால்வாய்க் கரைக்குப் போகச் சொல்லி, தானும் தள்ளி நடந்து வந்தார். ஒரு போத்தலில் மண்ணெண்ணெயும் நெருப்புப் பெட்டியும் மணலில் வைத்துவிட்டு விலகி நின்றார். நான் எரித்தேன். தோட்டத்துக் கம்பளி லேசில் பற்றாது. புகைந்து, மயிர் கருகுகிற நாற்றத்தோடு வெகுநேரம் எரிந்தது. சாரமும் சட்டையும் அதோடு போயின. காய்ச்சல் இருக்கிறதா, தலை இடிக்கிறதா என்று தூரத்திலிருந்தே கேட்டார். இல்லை என்றேன். என் சொல்லை நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டிலிருந்து ஒரு தகரக் குவளையில் தேத்தண்ணி வந்தது. கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். குவளையைத் திருப்பித் தர வேண்டாம் என்றார்.

அவர் வேலை செய்கிற இடத்தில் என் கூட்டாளியைத் தேடித்தரச் சொன்னேன். எல்லாம் அவர்களுடைய ஆஸ்பத்திரிதானே என்று கேட்டேன்.

“நீ நினைக்கிறாய் எல்லாம் ஒரே கந்தோர் எண்டு” என்றார்.

பிறகு கையிலிருந்த குடையின் முனையால் மணலில் பெட்டி பெட்டியாகக் கோடு கிழித்துக் காட்டினார். நகரம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருந்தது. வட்டாரத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு மருத்துவிச்சி, மருந்து அடிக்கிற கூட்டம் ஒன்று, செத்த எலி பொறுக்க ஒரு ஆள். செத்த எலிக்கும் காலில் வீட்டு இலக்கம் எழுதிக் கட்டுவார்களாம். அவர்களுக்கெல்லாம் மேலே நகரசபை டாக்டர். ஆனால் நோயாளி வண்டியில் ஏறி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய உடன் அவன் நகரசபையுடையவன் அல்ல, அரசாங்கத்துடையவன். அது வேறு பெட்டி. முகாம் இன்னொரு பெட்டி. செத்தவனுடைய பெண்சாதி பிள்ளைக்கு உதவி கொடுக்கிற சபை நாலாவது பெட்டி. அந்தச் சபை ஆஸ்பத்திரிக் கடதாசியில் பெயர் இருந்தால்தான் பேசும். நாலு பெட்டியும் நாலு கட்டடத்தில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கடதாசிதான் நடந்து திரியும்.

“எங்களுக்கு வீடுதான் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கட்டில்தான் தெரியும். ஆளைத் தெரிஞ்ச மேசை ஒண்டும் இல்லை” என்றார்.

நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாங்கள் மாற்றியது ஒரு ஆளை அல்ல, ஒரு வீட்டு இலக்கத்தை என்று அப்போதுதான் புரிந்தது. நோய் இல்லாத வீட்டின் கூரையைப் பிரித்து, அதன் ஆட்களை முகாமுக்கு அனுப்பிவிட்டு, எலி செத்து விழுகிற வீட்டை எல்லோருமாகச் சேர்ந்து பத்திரமாக மூடி வைத்திருந்தோம். அதற்குள் என்னைத் தவிரப் பத்தொன்பது பேர் படுத்திருந்தார்கள்.

செவ்வாயையும் வெள்ளியையும் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டேன்.

“ஒரு வருஷமா உங்கட வீட்டில ஒருத்தனுக்கும் ஒரு தடிமன்கூட இல்லை. டொக்டர் புத்தகத்தைப் பாத்துச் சிரிச்சவர். சிரிச்சுப்போட்டு, ரெண்டு பக்கத்துக் கிழமையையும் மாத்தி எழுதச் சொன்னவர். எழுதினது நான்தான்.”

அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“உங்கட வீட்டு இலக்கத்தை உன்ர வாயால சொல்லு. சொன்னால் நான் எழுத வேணும். எழுதினால் அழிக்கேலாது.”

கால்வாய்ப் பாலம் ஐம்பது அடியில் இருந்தது. நகரசபையின் எல்லை அதோடு முடிகிறது என்று மணலில் அவர்தான் காட்டியிருந்தார். பாலத்தில் ஒரு மாட்டு வண்டி தெற்கே போய்க்கொண்டிருந்தது. ஏறிக்கொள்ளக் கேட்டால் ஏற்றியிருப்பான். தலைவரை நினைத்தேன். வேலை இழந்து நிற்கப்போகிறவர்களை நினைத்தேன். என் பக்கத்துப் பாய்க்காரன் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்ததையும் நினைத்தேன்.

“எழுதுங்க ஐயா” என்றேன். தெருவையும் இலக்கத்தையும் சொன்னேன்.

காலையில் ஆறரைக்குத் தானே அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். கூட்டாளியைப் பார்க்க என்னை உள்ளே விட வழியில்லை என்றும் சொன்னார். சொந்தக்காரரையே விடுவதில்லை, அந்த வாசலுக்குள் நோயாளியும் வேலைக்காரனும் மட்டும்தான். ஆனால் வண்டிக்கு நோயாளி தூக்க ஆள் வேண்டும் என்றார். போன கிழமை இரண்டு பேர் வேலைக்கு வரவில்லையாம்.

“தூக்கிற வேலை உனக்குப் பழக்கம்தானே” என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுகாதாரப் பகுதி யார்டில் நின்றேன். ஓவர்சியர் ஒரு சிங்கள மனிதர். நாலு சொல் தமிழ் வைத்திருந்தார். என்னைச் சுற்றிவந்து பார்த்து, அக்குளை அழுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

“பயமா, மல்லி?” தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்பார்கள், அண்ணனை அய்யே.

“இல்ல அய்யே.”

“பயம் நல்லது. பயம் இல்லாத ஆள் ரெண்டு பேர் போயிட்டான்” என்றார்.

காக்கி மேலங்கி ஒன்றும், காலில் முழங்கால் வரை சுற்றத் துணியும், வாயை மூடிக் கட்ட இன்னொரு துணியும் கொடுத்தார். கால் துணியில் ஏதோ எண்ணெய் தடவியிருந்தது. தகரக் குவளையை இடுப்பில் கட்டிக்கொண்டேன். டிரைவர் கடதாசியை வாசித்தார். முதல் இலக்கம் எங்கள் வீடு.

படிக்கட்டு எனக்கு மனப்பாடம். ஆறாவது படி ஆடும் என்று கூடவந்த ஆளுக்குச் சொன்னேன். மேலே எல்லோரும் சுவரோடு சேர்ந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவருடைய அக்குளையும் தொட்டு வந்தார். பகிடிக்காரனோடு இன்னொருவனும் படுத்திருந்தான். துணி கட்டியிருந்தும் தலைவர் என்னை நடையிலேயே கண்டுகொண்டார்.

“மூட்டைய விட்டுட்டு எங்களையே தூக்க வந்துட்டியா? நல்ல எடத்துல சேந்துட்டடா” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவைக்கிறவனை நாங்கள் தூக்கிக்கொண்டிருந்தோம். ஒரு மூட்டை அரிசியைவிட இலேசாக இருந்தான். கூரையில் முதல் ஓடு கழன்று, பலகைத் தளத்தில் ஒரு கட்டி வெயில் விழுந்தது. அந்த வெயிலில் மூன்று எலி கிடந்தன. எதிர்வீட்டில் கூரை இல்லை. அவர்களோ முகாமில், பார்க்க யாரும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அதே காவல்காரன். எந்த வீடு என்று கேட்டான். இந்த முறை சரியான இலக்கத்தைச் சொன்னேன். கதவைத் திறந்துவிட்டான்.

நீளமான வார்டு. கட்டிலுக்குக் கட்டில் ஒரு அட்டை தொங்கிற்று. இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, அட்டைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்பதாவது கட்டிலில் எதிர்வீட்டு இலக்கம் இருந்தது. பெயருக்கு நேரே ஒரு கோடு.

அவன்தான். கண் திறந்திருந்தது. கன்னம் உள்ளே போய், உதடு வெடித்து, இன்னும் அதே முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். பக்கத்துக் கட்டில் அப்போதுதான் காலியாகியிருந்தது. தரையில் சுண்ணாம்புத் தூள் சிந்தியிருந்தது. என் காக்கியையும் வாய்த் துணியையும் பார்த்தான். இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

“என்னயத் தூக்காதீங்க ஐயா. நடந்தே வந்துர்றேன்” என்றான்.

துணியை அவிழ்க்கக் கூடாது என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். அவிழ்க்காமலே, நான்தான் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. குவளையில் தண்ணீர் மொண்டு வாயில் வைத்தேன். கொஞ்சம் குடித்தான், மீதி கழுத்தில் ஓடியது. சட்டத்தைப் பிடித்த கையை மட்டும் விடவில்லை.

அந்தப் பக்கமாக வந்த வார்டு ஆளைக் கூப்பிட்டு, இவனுக்குப் பெயர் இருக்கிறது, எழுதுங்கள் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். என் கூட்டாளி என்றேன். அவன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினான். பெயர், அப்பன் பெயர், தோட்டம், டிவிஷன், லயத்து இலக்கம், பெண்சாதி பெயர். ஒவ்வொன்றையும் நான் இரண்டு தரம் சொன்னேன். அவன் எழுதியதை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

வெளியே டிரைவர் ஹாரனை அடித்தார். கடதாசியில் இன்னும் இரண்டு வீடு இருந்தது. இரண்டும் எங்கள் தெருவில்.